பதினான்கு சப்பாத்தி

வியாழக்கிழமை பதினான்கு சப்பாத்தி காணாமல் போனது.

அதற்கு முந்தின வாரம் ஒரு கிண்ணம் நிறைய கேசரி. அதற்கும் முன்னால் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம் ஒன்று. அந்த இரண்டையும் சந்திரம்மா தன் மறதியின் தலையில் போட்டுவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதாகிறது. காலை நான்கரைக்கு எழுந்தால் பத்து மணி வரை உட்கார நேரமில்லை. எதை எங்கே வைத்தோம் என்று மறப்பது சகஜம்தான். ஆனால் சப்பாத்தி மறதியில் போகாது. அவளே தேய்த்து, அவளே சுட்டு, பத்துப் பத்தாகத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் அடுக்கியவை. மாலையில் நீலசந்திராவில் இருக்கும் பெண்கள் விடுதிக்குப் போக வேண்டியவை. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கேரியர்களைக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பி மூடியைத் திறந்தபோது மேலே இருந்த சுருட்டையே காணோம். அடுத்த சுருட்டில் நான்கு குறைந்தது.

வீட்டில் மருமகள் ரக்ஷிதா மட்டும் இருந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருனா வந்தாங்களா வூட்டுக்கு?"

"யாரும் வர்லியே அத்தை. நானே இப்பத்தான் கிளினிக்லேர்ந்து வந்தேன். இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

சந்திரம்மா மறுபடியும் மாவு பிசைந்தாள். பிசைந்த வேகத்தில் பாத்திரம் தரையில் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டியது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பழைய குடியிருப்பு வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடு அது. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இங்கே தும்மல் வரும். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, பின்னால் குளியலறை. கூடத்துச் சுவரில் அம்பேத்கர் படமும் புத்தர் படமும். அந்தப் படங்களுக்கு முன்னால்தான் ஐந்து மாதங்களுக்கு முன் மூத்தவன் பிரகாஷுக்கும் ரக்ஷிதாவுக்கும் மாலை மாற்றினார்கள். பிரகாஷ் வாடகைக் கார் ஓட்டுகிறான். ரக்ஷிதா கோலார் தங்கவயல்காரி. அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் இப்போது ஈஜிபுராவில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். இவள் விக்டோரியா லேஅவுட்டில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போய் வருவாள். போகும்போது தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை தொங்கும்.

அந்தப் பை சந்திரம்மாவின் கண்ணில் விழ ஆரம்பித்தது.

மகள் ரூபினியைப் பற்றி யோசனையே ஓடவில்லை. கமர்ஷியல் தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். அதோடு, அவள் என்ன தின்கிறாள்! காலையில் ஒரு இட்லியை நாலாகப் பிய்த்து, அதில் இரண்டு துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிற பெண்.

மறுநாள் கேரியர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஆட்டோக்காரர் கோவிந்தப்பா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். கன்னடக்காரர், முப்பது வருஷமாக இந்தப் பக்கத்துத் தமிழர்களோடு பழகிப் பழகி அவருக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார்.

"ஏனம்மா, மொகம் யாக்கோ சரி இல்லே?"

"வூட்ல சாமான் காணாம போவுது கோவிந்தப்பா."

"நகையா?"

"சாப்பாடு."

கோவிந்தப்பா சிரித்துவிட்டார். "பெக்கு கிக்கு வந்திருக்கும். பூனெ, பூனெ."

"பூனை மூடியைத் தொறந்து, எண்ணி எடுத்துக்கினு, திரும்பவும் மூடி வெச்சுட்டுப் போவுமா?"

மழைத் தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. ரிச்மண்ட் சாலைச் சிக்னலில் நிற்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"சொஸெ வந்து எஷ்டு திங்களாச்சு? மருமகளு?"

"அஞ்சு மாசம்."

"ம்." அவர் ஹாரனை அடித்தார். அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் விட்டதுதான் சந்திரம்மாவின் மனதில் முள்ளாகத் தங்கியது.

சனிக்கிழமை ரக்ஷிதா குளிக்கப் போனபோது அந்தக் கறுப்புப் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே கையுறை டப்பா, மடித்த வெள்ளைக் கோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸில் காலையில் இவளே வைத்துக் கொடுத்த எலுமிச்சைச் சாதம். வேறு ஒன்றுமில்லை. பையை மூடிவிட்டு எழுந்தவளுக்கு நிம்மதி வரவில்லை. 'இன்னிக்கு எடுக்கல, அவ்ளோதான்' என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்கியது. சந்திரம்மா குச்சியை விட்டுக் குத்தியபோது புளித்த நாற்றம் வந்தது. அதன் மேல் யாரோ பினாயில் ஊற்றியிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவளுக்குச் சட்டென்று மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

பசி, வாந்தி, யாரிடமும் சொல்லாமல் மறைப்பது. அட!

கணவன் அய்யாவு பொம்மசந்திராவில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவனை வாசலிலேயே பிடித்துச் சொன்னாள். அவன் சட்டையிலிருந்து வழக்கமான வெந்த ரப்பர் வாசனை அடித்தது.

"நம்ம ரக்ஷிதா முழுகாம இருக்கா போலய்யா. அதான் திருட்டுத்தனமா தின்னிருக்கா. நான் வேற தப்பா நெனச்சுட்டேன்."

"கேட்டியா?"

"இனிமேதான்."

கேட்டாள். பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவிக்கொடுத்துக் கேட்டாள். ரக்ஷிதா முகம் சிவந்து தலையை ஆட்டினாள்.

"இல்ல அத்தை. நேத்துதான் தீட்டு நின்னு தலைக்கு ஊத்திக்கினேன்."

"அப்போ பாத்ரூம்ல வாந்தி எடுத்தது?"

ரக்ஷிதா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "தெரியல அத்தை" என்று எழுந்து போனாள். அந்த ஒரு கணத் தயக்கத்தைச் சந்திரம்மா பார்த்துவிட்டாள். இவளுக்குத் தெரியும். இவள் மறைக்கிறாள். மருமகள் இல்லையென்றால் அந்த வீட்டில் இன்னும் ஒரே ஒருத்திதான் பாக்கி.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. சந்திரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ரூபினிக்கு இருபத்தோரு வயது. போன வருஷம் விமானப் பணிப்பெண் வேலைக்கு ஒரு தேர்வுக்குப் போயிருந்தாள். ஆறு மாதம் அதற்கென்று படித்து, ஆங்கிலம் பேசிப் பழகி, கொண்டை போடக் கற்றுக்கொண்டு போனவள். அங்கே வாயைத் திறந்து பேசவே விடவில்லை. வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி எண்ணைச் சொன்னார்கள். 'குறைத்துக்கொண்டு வா' என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதவளைப் பார்த்து அய்யாவு, "விடு, பூசணிக்கு எதுக்கு ஏரோப்ளேனு" என்றான். சின்ன வயதிலிருந்தே அவளை அப்படிக் கூப்பிடுகிறவன். அவனுக்கு அது செல்லம்.

சந்திரம்மாவும் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து மகளின் தட்டில் போட்ட சோற்றில் பாதியைத் தன் கையாலேயே திரும்ப எடுத்தாள். சந்தையிலிருந்து எடை பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்தாள். நான்கு மாதத்தில் ரூபினி இளைத்தாள். தெருவே கொண்டாடியது. "இன்னா டயட்டுடி? எங்களுக்கும் சொல்லு" என்று பெண்கள் வழிமறித்துக் கேட்டார்கள். சந்திரம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது சில வாரங்களாக உடம்பு பழையபடி தேறியிருந்தது. கன்னம் மட்டும் காதுக்குக் கீழே உப்பிக்கொண்டு, முகம் சதுரமாகத் தெரிந்தது. "மறுபடியும் பூசணி காய்க்குதுடோய்" என்று அய்யாவு ஒருநாள் சொன்னான். ரூபினியும் சேர்ந்து சிரித்தாள். அதெல்லாம் சந்திரம்மாவுக்கு இப்போது வேறு மாதிரி அர்த்தமானது. கன்னம் உப்புவது. மயக்கம் என்று சுவரைப் பிடித்துக்கொள்வது. சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவது.

அவள் பிரகாஷிடம் சொன்னாள். பிரகாஷ் இரண்டு நாள் காரைத் துணிக்கடைக்கு எதிரே நிறுத்தி வைத்துப் பார்த்தான். ரூபினி தனியாகத்தான் வந்தாள், தனியாகத்தான் போனாள். வழியில் பேக்கரியில் நின்று ஒரு பெரிய பொட்டலம் வாங்கியதை மட்டும் பார்த்தான். அவள் தூங்கும்போது போனையும் எடுத்துப் பார்த்தான்.

"ஒரு பையன் பேரு கூட இல்லம்மா. எல்லாம் சமையல் வீடியோ. பிரியாணி, கேக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அழிச்சிருப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை சந்திரம்மா தெரிந்தவர்கள் யாரும் பார்க்காத இடமாகத் தேடி, தொம்மலூர் வரை பஸ்ஸில் போய், ஒரு மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று மீன் குழம்பு. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வெளியில் நசநசவென்று மழை. கூடத்துக் கொடியில் காயாத துணிகள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக் குளியலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தா. உள்ள போயி பாத்துட்டு வா."

ரூபினி கையிலிருந்ததைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து அட்டையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். சந்திரம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. ஒற்றைக் கோடு தெரிந்தது. அது நல்லதா கெட்டதா? வேறு வழியில்லாமல் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ரக்ஷிதா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல அத்தை. ஒரு கோடுன்னா இல்லைன்னு அர்த்தம்."

"நீ அவளுக்குச் சாதகமா சொல்றியா?"

"இல்ல அத்தை."

"உனக்கு எல்லாம் தெரியும். நான் பாத்துக்கினுதான் இருக்கேன். யாருடி அவன்? ரெண்டு பேரும் சேந்து இன்னா மறைக்கிறீங்க?" சந்திரம்மாவின் கை ஓங்கியது. ரூபினி விலகவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

ரக்ஷிதா குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணி, வேணாம்" என்றாள் ரூபினி.

"இல்ல ரூபி. இதுக்கு மேல முடியாது." ரக்ஷிதா மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, சப்பாத்தி தின்னது ரூபினி. கேசரியும் அவதான். நீங்க கேரியர் எடுத்துக்கினு போனதும், நான் வர்றதுக்குள்ள, இருக்கறதையெல்லாம் தின்னுட்டு, அப்புறம் அத்தனையும் வாந்தி எடுக்கறா. தானா வர்றதில்ல, அவளே வரவெக்கறா. தெனமும். சில நாளு ரெண்டு மூணு தபா."

கூடத்தில் அய்யாவு செய்தித்தாளைக் கீழே வைத்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பிரகாஷ்.

"பல்லு. ஜில்லுனு தண்ணி குடிக்க முடியலன்னு சொன்னா. கிளினிக்குக்கு இட்டுக்கினு போனேன். நோரா டாக்டர் பாத்தாங்க. முன்பல்லு உள்பக்கமா கரைஞ்சு போயிருக்குது. வயித்துலேர்ந்து வர்ற புளிப்பு அப்படி அரிக்குமாம். டாக்டர் கேட்டதும் அழுதுட்டா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க, இது உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்க. வீட்ல சொல்லாதீங்கன்னு இவ என் காலைப் புடிச்சா. பத்து நாளா நான்…"

அய்யாவு எழுந்து வந்தான். கோபத்தைவிட அவன் குரலில் குழப்பம்தான் இருந்தது.

"இன்னாம்மா பேசற நீ? எங்கம்மா ரேஷன் கோதுமையைக் கஞ்சி காய்ச்சி ஆறு பேருக்கு ஊத்துவா. சோத்துக்கு லோல்பட்டு வந்தவங்க நாங்க. எங்க வூட்டுப் பொண்ணு சோத்தைத் தின்னுட்டு வேணும்னே வாந்தி எடுப்பாளா? இதெல்லாம் பணக்காரங்க வூட்டு வியாதி."

"நீ இன்னா டாக்டரா?" என்றான் பிரகாஷ்.

சந்திரம்மா அதையும் தாண்டிப் போனாள். "சப்பாத்தியை எடுத்தது நீ. உங்கம்மாவுக்குக் கொண்டு போய்க் குடுத்தே. இன்னிக்கு மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் எம்பொண்ணு மேல பழியைப் போடறே."

ரக்ஷிதா ரூபினியைத் திரும்பிப் பார்த்தாள். ரூபினி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மீன் குழம்பை யாரும் தொடவில்லை. மாலையில் ரக்ஷிதா அந்தக் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனாள். பிரகாஷ் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குச் சந்திரம்மா வழக்கம்போலக் கிளம்பினாள். வீட்டில் ரூபினி மட்டும். மருமகள் இல்லாத வீட்டில் இன்று எதுவும் குறையாவிட்டால் அவள்தான் திருடி என்று ஆகிவிடும். அதை உறுதி செய்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மறுபுறம், ரக்ஷிதா சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம். பாதி கேரியரைக் கொடுத்துவிட்டு மீதியைக் கோவிந்தப்பாவிடம் விட்டுவிட்டு, பன்னிரண்டரைக்கே நடந்து வீட்டுக்கு வந்தாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினாள். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம்.

"ரூபி… ரூபினி!"

ரொம்ப நேரம் கழித்துத் தாழ் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினால் முழுதாகத் திறக்கவில்லை. ரூபினி கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தாள். தவழ்ந்து வந்து தாழை எடுத்திருக்கிறாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரண்டு கைகளின் விரல்களும் பறவை நகம்போல மடங்கி விறைத்திருந்தன. வலது கை விரல் முட்டிகளில் பல் பட்டுப் பட்டுக் காய்த்த தழும்புகளைச் சந்திரம்மா அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாள் அந்தக் கையால்தான் அவள் சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

சமையலறையில் சோற்றுப் பானை காலி. தயிர்ச் சட்டி காலி. நேற்று யாரும் தொடாத மீன் குழம்புச் சட்டியும் வழித்துத் துடைத்ததுபோல இருந்தது.

"அம்மா… நெஞ்சு படபடன்னு ஓடுது. நிக்குது, மறுபடியும் ஓடுது. காலு தூக்க முடியல."

சந்திரம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணிக்குப் போன் பண்ணும்மா" என்றாள் ரூபினி. "அண்ணிக்குத்தான் தெரியும்."

கோவிந்தப்பா கேரியர்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்டோவைத் திருப்பி வந்தார். ரூபினியைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்த உதவினார். வழி முழுக்க, "ஜாக மாடி, ஜாக மாடி" என்று வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசலில் ரக்ஷிதா வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். கிளினிக்கிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கன்னடத்தில் சடசடவென்று கேட்டார். எவ்வளவு நாளாக? ஒரு நாளைக்கு எத்தனை முறை? வேறு மாத்திரை ஏதாவது? சந்திரம்மா பெற்ற மகளைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ரக்ஷிதா கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு பாதாளத்துக்குப் போயிருந்தது. ஒரு தாளில் இதயத்தின் கோடுகள் தாறுமாறாக வந்தன. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள். அய்யாவு தொழிற்சாலையிலிருந்து பாதி ஷிப்ட்டில் வந்து சேர்ந்தான். பெரிய டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி; தமிழ் தெரிந்தவர். வெளியே வந்து அவர்களை உட்காரச் சொன்னார்.

"உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். வேகமா ஏத்தினாலும் ஆபத்து. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா இதயம் நின்னிருக்கலாம்."

அய்யாவு கைகூப்பினான். "அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு எடை சரியாத்தானே இருக்குது? நோஞ்சானா இல்லியே?"

"அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. எடையைப் பாத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும், குண்டா இருக்கிறவங்களுக்கும் வரும். ஏழை, பணக்காரன்னும் இல்ல. வேணும்னே செய்யறான்னு நெனைக்காதீங்க. அவளால நிறுத்த முடியல." டாக்டர் கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "வீட்ல அவ உடம்பைப் பத்தி யாராவது பேசுவீங்களா?"

அய்யாவு எழுந்து போய் நடைக்கூடத்து ஜன்னல் ஓரமாக நின்றான். அவன் தோள் குலுங்குவதை முதுகுப்பக்கமிருந்து பார்த்தாள் சந்திரம்மா. முப்பது வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணிக்கு ரக்ஷிதா கேன்டீனிலிருந்து இரண்டு டீயும் பன்னும் வாங்கிவந்து பெஞ்சில் வைத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் பையைத் தொறந்து பாத்தேன்" என்றாள் சந்திரம்மா.

"தெரியும் அத்தை. கிளவுஸ் டப்பா தலைகீழா இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னா சொல்லியிருப்பீங்க?"

சந்திரம்மா டீயைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. "நீ மொதல்லியே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொல்லித்தான் இருக்கிறாள். எல்லோர் முன்னாலும், முகத்துக்கு நேரே சொன்னாள்.

"திருடின்னு சொன்ன என் வாயி அழுகிப் போவணும்."

"வாயி அழுக வேணாம். எனக்குக் கோவம் இருக்குது அத்தை. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்." ரக்ஷிதா பன்னைப் பிய்த்து ஒரு பாதியை மாமியாரின் கையில் வைத்தாள். "காலைலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல."

மூன்றாம் நாள் ரூபினியைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். சந்திரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

"ஏன்டி?"

"தெரியலம்மா. பட்டினி கெடந்து கெடந்து, ஒரு நாளு ஆரம்பிச்சா நிறுத்த முடியல. கை தானா போவுது. முடிச்சதும் பயம். எல்லாம் உடம்புல ஒட்டிக்கும்னு. தின்னதெல்லாம் வெளிய வந்தாத்தான் மூச்சு வரும்."

"நான் தட்டுலேர்ந்து சோத்தை எடுத்தேனே. அதுனாலயா?"

ரூபினி உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை.

"அதுவுந்தான். ஆனா அது மட்டும் இல்லம்மா."

வீட்டுக்கு வந்த அன்று பிரகாஷ் எடை மெஷினைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டான். ஈஜிபுராவுக்குப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் பேசி, ரக்ஷிதாவை அழைத்துக்கொண்டு வந்தாள் சந்திரம்மா. ரக்ஷிதா வந்தாள், ஆனால் ஒரு மாதம் வரை மாமியாரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அய்யாவு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். 'பூ' என்று வாய் ஆரம்பிக்கும், நின்றுவிடும்.

மனநல டாக்டரிடம் வாரம் ஒரு முறை. மூன்று வேளையும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாக இருக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரம்தான் வீட்டில் எல்லோருக்கும் கண்டமாக இருந்தது. சந்திரம்மா பாத்திரங்களில் கண்ணாலேயே அளவு குறித்து வைத்தாள். குளியலறைக் கதவில் காதை வைத்தாள். மகள் இருமினால் திடுக்கிட்டாள். இரண்டாவது வாரமே ரூபினி பொய் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் மறுபடியும் வாந்தி எடுத்தாள். அதைக் கண்டுபிடித்தபோது சந்திரம்மாவுக்கு மகள்மேல் கோபம்கூட வரவில்லை. இனி எந்த வார்த்தையை நம்புவது என்றுதான் இருந்தது.

அடுத்த முறை போனபோது மனநல டாக்டரிடம் அதைச் சொன்னாள்.

"நாலு கண்ணு வெச்சுக் காவல் காக்கறேன் மேடம். அப்பவும் ஏமாத்திடறா."

"காவல் காக்காதீங்கம்மா. கூட இருங்க."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

டாக்டர் சிரித்தார். "அதை நான் சொல்லித் தெரியாது. வழியில திரும்பவும் விழுவா. விழுந்தா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல."

ஒன்றரை மாதம் போனது. சில வாரம் நன்றாக இருந்தாள். சில நாள் இல்லை. துணிக்கடைக்காரர் விடுப்பு போதும் என்று சொல்லி வேறு ஆளை வைத்துக்கொண்டார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மதியம், சாப்பிட்டுப் பத்து நிமிடம் இருக்கும். அன்று கத்தரிக்காய்க் கூட்டும் ரசமும். திரும்பி வந்த கேரியர்களைப் பின்வாசலில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் சந்திரம்மா. கையெல்லாம் சோப்பு நுரை. ரூபினி வந்து பக்கத்தில் நின்றாள். முகம் வியர்த்திருந்தது.

"அம்மா."

"இன்னாடி?"

"இப்ப என்னைத் தனியா விடாதம்மா. வூட்டுக்குள்ள இருந்தா பாத்ரூமுக்குப் போயிடுவேன்."

அவளாக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சந்திரம்மா கேரியர்களை அப்படியே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள். இருவரும் தெரு முனையைத் தாண்டிக் கால்பந்து மைதானத்துக்கு நடந்தார்கள். வழியில் முறுக்குக் கடை வாசலில் நின்றிருந்த அடுத்த வரிசைப் பெண் ஒருத்தி ரூபினியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா ரூபினி, மறுபடியும் கொஞ்சம் சதை போட்டுட்ட மாதிரி கீறே?"

ரூபினியின் கை அம்மாவின் மணிக்கட்டை இறுக்கியது. சந்திரம்மா நின்றாள்.

"எக்கா, அவ உடம்பைப் பத்திப் பேசாதே. எங்கிட்ட வேற எதுனா பேசணும்னா பேசு."

இவர்கள் நடந்துவிட்டார்கள்.

மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஈர மண்ணில் பெண்கள் அணி ஒன்று விளையாடியது. குள்ளமும் நெட்டையுமாய், பருத்தவர்களும் மெலிந்தவர்களுமாய், சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார்கள். படிக்கட்டில் காய்ந்த இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். ரூபினி அம்மாவின் மணிக்கட்டை விடவில்லை. நகம் பதிந்தது. சந்திரம்மா ஒன்றும் கேட்கவில்லை. சிவப்புச் சட்டை அணியின் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டதைப் பார்த்து, "அட, கை எதுக்கு இருக்குது அவளுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரூபினி லேசாகச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மேகம் கலைந்து வெயில் எட்டிப் பார்த்தது. சிவப்புச் சட்டை ஒரு கோல் வாங்கியது. பிறகு ஒன்று போட்டது. பிடி தளர்ந்து தளர்ந்து, கடைசியில் அந்தக் கை சும்மா அம்மாவின் மடியில் கிடந்தது.

"மணி எத்தனம்மா? ஒரு மணி நேரம் ஆயிடுச்சா?"

சந்திரம்மா இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டாள், எடுக்கவில்லை.

"தெரியல ரூபி. நான் பாக்கவே இல்ல."